இராட்டைக் கொடியும் சயாம் தண்டவாளமும்

கொடிகளைப் பற்றி எழுதப் புகும் தமிழாசிரியன் மூவேந்தரின் வில், புலி, கயல் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். மேடைகளில் நானும் அவ்வாறே தொடங்கியவன். இக்கட்டுரையை மட்டும் எங்கள் பள்ளிச் சுவர் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன்.

எங்கள் பள்ளி கெர்லிங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் பல இடிந்து, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னும் பெயரில் 'தோட்டம்' ஒட்டிக்கொண்டிருக்கும் பள்ளிகளில் ஒன்று. தொடக்கப் பள்ளிகளில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப் பாடமாக 2014-இல் வந்த பிறகு, வகுப்பறைக்கு வெளியே 'வரலாற்று மூலை' ஒன்று அமைத்தோம். சில ஆண்டுகளுக்கு முன், பயிற்சி முடித்துப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர், ஆகஸ்டு மாதக் கொண்டாட்டத்தை ஒட்டி அம்மூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் படத்தையும், அதன் கீழே ஒரு கொடியின் படத்தையும் ஒட்டினார். காவி, வெள்ளை, பச்சை. நடுவில் பாயும் புலி. பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

இரண்டு நாள் சென்று, பிள்ளையை அழைத்துப்போக வந்த தந்தையொருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், இந்தப் புலிப் படம் பள்ளிக்கூடத்துல இருக்கலாமா? போலீஸ்காரங்க பார்த்தா வம்பாப் போயிடாதா?" என்றார். அவர் அஞ்சியது ஈழத்துப் புலிக் கொடியை. தமிழீழ விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பெயரில் 2019 அக்டோபரில் இந்நாட்டில் பன்னிருவர் கைதாகி, 2020 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்ட செய்தி அப்போது எல்லார் மனத்திலும் இருந்தது. இது வேறு புலி என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்தவர் எண்பத்தைந்தைத் தாண்டிய பெரியவர். ஜப்பானியர் காலத்தில் சிறுவராகப் பால சேனையில் மரத்துப்பாக்கி தூக்கி நடந்தவர். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, நான் சல்யூட் அடிச்ச கொடியில புலியே கிடையாது. ராட்டைதான் இருந்துச்சு. இது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

அப்பெரியவருடன் வந்திருந்த அம்மையார், வயது எழுபத்தெட்டு இருக்கலாம், அதுவரை பேசாமல் நின்றவர், மெல்லச் சொன்னார்: "புலியோ ராட்டையோ, எங்கப்பாவைச் சயாமுக்கு லாரியில ஏத்துனப்ப அந்தக் கொடி லயத்து முனையில பறந்துக்கிட்டுத்தான் இருந்துச்சாம். எங்கம்மா சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

அவர் தம் தந்தையைக் கண்டதில்லை. தாயின் வயிற்றில் இருந்தபோது போனவர் திரும்பவில்லை.

இளம் ஆசிரியை கலங்கிவிட்டார். படத்தை எடுத்துவிடவா என்று கேட்டார். "எடுக்க வேண்டா, முதலில் படிப்போம்" என்றேன். அப்படிப் படித்தவற்றையும், முன்பே கேட்டு வைத்திருந்தவற்றையும் என் போன்ற ஆசிரியர்களின் பார்வைக்கு இங்கே வைக்கிறேன்.

முதலில் பெரியவரின் ஐயத்தைத் தீர்ப்போம். பாயும் புலிக் கொடி மலாயாவில் பிறந்ததன்று, ஜெர்மனியில் பிறந்தது. கல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து 1941 ஜனவரியில் தப்பிய போஸ் பெர்லின் சேர்ந்து, அவ்வாண்டு நவம்பரில் சுதந்திர இந்திய மையத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு அங்கே ஒரு படை அமைந்தது. காங்கிரசின் மூவண்ணக் கொடியில் இராட்டை இருந்த இடத்தில் பாயும் புலியை வைத்தது அப்படைக்காகத்தான். மைசூர் திப்புவின் புலியை அது நினைவூட்டுவது என்பர். 'ஜெய் ஹிந்த்' என்னும் வணக்கமும் 'நேதாஜி' என்னும் பட்டமும் அப்பெர்லின் காலத்தனவே. போஸ் கிழக்கே புறப்பட்ட பின் அப்படை 1944-இல் இட்லரின் எஸ்.எஸ். படையோடு சேர்க்கப்பட்டது. ஐரோப்பியர் ஒருவரிடம் அக்கொடியைக் காட்டினால் அவர் முகம் மாறுவதன் காரணம் இதுதான்.

கிழக்கில் நிலைமை வேறு. சிங்கப்பூரில் போஸ் அமைத்த அரசின் கொடியாகப் பறந்தது, காங்கிரஸ் 1931-இல் ஏற்றுக்கொண்ட இராட்டைக் கொடியே. 1943-ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர்ப் பாடாங்கில் அவர் படையைப் பார்வையிட்ட படங்களை உற்று நோக்குவோர் இதைக் காணலாம். ஆகவே பெரியவரின் நினைவு சரி. எங்கள் சுவர்ப் படம் தவறு. தவறு எங்கிருந்து வந்தது? போஸ் 1939-இல் தொடங்கிய பார்வர்டு பிளாக் கட்சியின் சிவப்புக் கொடியிலும் அரிவாள் சுத்தியலோடு பாயும் புலி உண்டு. முத்துராமலிங்கத் தேவரின் பெயரோடு பிணைந்து தென்பாண்டி ஊர்களில் அக்கொடி இன்றும் காணப்படுகிறது. தமிழ்நாட்டுச் சுவரொட்டிகளும் நாட்காட்டிகளும் நேதாஜியையும் புலியையும் ஒன்றாக்கி நம் கண்ணுக்குப் பழக்கிவிட்டன என்பது என் எண்ணம். இராட்டையைவிடப் புலி படத்துக்கு எடுப்பானது. படையெடுத்த தலைவருக்குக் காந்தியடிகளின் இராட்டை பொருந்தாது என்று பின்வந்தோர் தாமே முடிவு செய்துகொண்டார்கள் போலும். போஸோ, காந்தியடிகளோடு எவ்வளவு முரண்பட்டபோதும், கீழ்த்திசை இந்தியர் முன்னே வந்து நின்றது அந்த இராட்டையோடுதான். தம் படைப் பிரிவுகளில் ஒன்றுக்குக் காந்தி பெயரையே வைத்தார்.

தோட்டத் தமிழருக்கு இராட்டைக் கொடி ஜப்பானியர் கொண்டுவந்து கொடுத்த கொடியன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். போர் வருவதற்கு முன்பே அது சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. 1941-ஆம் ஆண்டு கிள்ளானில் மூண்ட வேலைநிறுத்தத்தை நம் வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. கூலி உயர்வு கேட்டதோடு நில்லாமல், துரைமாரையும் கிராணிமாரையும் எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் அத்தொழிலாளர் கேட்டனர். சைக்கிளை விட்டு இறங்குவதா என்னும் கேள்வி கூலியைவிடப் பெரிதாகத் தோன்றிய நாட்கள் அவை. காந்தி குல்லாயும் காங்கிரஸ் கொடியும் துரைமாரின் கண்ணை உறுத்தின. கிள்ளான் இந்தியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரும் 'தமிழ் நேசன்' துணையாசிரியருமான ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர். சுட வந்ததும் இந்தியப் படையே.

அந்த மே மாதத்துக்கும் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிய டிசம்பர் 8-ஆம் நாளுக்கும் இடையே ஏழே திங்கள். 1942 ஜனவரி 7-ஆம் நாள், எங்களுக்கு வடக்கே சிலிம் ரிவரில், பதினோராவது இந்திய டிவிஷனை ஜப்பானிய டாங்கிகள் ஒரே விடியலில் ஊடுருவி உடைத்தன. தோற்றவர் பின்வாங்கியதும் வென்றவர் தொடர்ந்ததும் தஞ்சோங் மாலிம், கலும்பாங், கெர்லிங் வழியே செல்லும் இந்தப் பெருஞ்சாலையில்தான். ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார் ஓடியதைக் கண்ணால் கண்ட தலைமுறை எங்கள் வட்டாரத்தில் இருந்தது. "தொப்பியை மறந்துட்டு ஓடுனான்" என்று என் சிறு வயதில் ஒரு தாத்தா சொல்லிச் சிரிப்பார். சைக்கிளை விட்டு இறங்கியவர்களுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிய செல்வம்!

சிங்கப்பூர் பிப்ரவரி 15-இல் சரணடைந்தது. இரு நாள் கழித்து பேரர் பார்க் திடலில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் அமைத்த முதல் படை அவ்வாண்டு முடிவதற்குள் கலைந்தது. ஜப்பானியர் தம்மைக் கருவியாக மட்டுமே பயன்படுத்துகின்றனர் என்று கண்டு அவரே கலைத்தார். அவரை ஜப்பானியர் சிறைவைத்தனர். இச்செய்தியை நேதாஜி வரலாறு சொல்வோர் பலர் தாண்டிப் போய்விடுகின்றனர். கொடியின் கம்பம் யார் கையில் இருந்தது என்பதை முதலில் கேட்டவர் அப்படையைத் தொடங்கியவரே.

போஸ் 1943 ஜூலை 2-ஆம் நாள் சிங்கப்பூர் வந்து, 4-ஆம் நாள் கத்தே மண்டபத்தில் இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அதன்பின் நடந்தது தோட்டத் தமிழர் வரலாற்றில் முன்னும் பின்னும் காணாதது. இந்திய சுதந்திரச் சங்கம், மக்கள் வாயில் 'லீக்', தோட்டந்தோறும் கிளை விட்டது. பால்மரம் சீவியவன் படைவீரனாக நிமிர்ந்து நின்றான். சாதி பார்த்துத் தண்ணீர் வாங்கியவர்கள் ஒரே தட்டில் உண்டனர். சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலுக்கு அழைத்தபோது, எல்லாச் சாதியாரையும் எல்லாச் சமயத்தாரையும் உடன் விட்டாலன்றி வரமாட்டேன் என்று போஸ் சொல்லி, அவ்வாறே தம் முசுலிம் அதிகாரிகளுடன் உட்சென்றார் என்பது அவரோடிருந்தோர் கூறிய செய்தி. கோயில் வாசலில் ஒதுங்கி நின்றே பழகிய லயத்து மக்களுக்கு இச்செய்தி எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் செய்துகொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை எழுந்தது. கோலாலம்பூர் வசதியான குடும்பத்துப் பெண்ணான ஜானகி தேவர் அதில் சேர்ந்தார் என்பது பலரும் அறிந்தது. அவரோடு நின்றவருள் பெருந்தொகையினர் தோட்டத்துப் பெண்கள். கங்காணி குரலுக்கு ஒடுங்கிய பெண் கையில் துப்பாக்கி! அக்கொடியை இன்றும் கண்டால் கண் கலங்குவோர், இந்தியாவின் விடுதலையைவிடத் தம் பாட்டியின் நிமிர்ந்த முதுகையே நினைக்கின்றனர் என்று நான் கருதுகிறேன்.

என் தாய்வழிப் பாட்டி தன் காதுத் தோட்டைக் கழற்றி லீக் உண்டியலில் போட்டவள். ஓலைத் துண்டைச் செருகியே சில ஆண்டு காலம் தள்ளினாளாம். அவள் தம்பியைச் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள், ஆள் வரவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள். ஆனால், அந்த இரண்டையும் சேர்த்து வைத்து அவள் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இனி அந்த அம்மையாரின் சொல்லுக்கு வருவோம். கடல்வழி ஆபத்தாகவே, சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் மலைக்காட்டில் ஜப்பானியர் இருப்புப்பாதை போட்டனர். 1942-இன் இடையில் தொடங்கிய வேலை. வெள்ளைக் கைதிகள் போதவில்லை. ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசி வராமல், மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்த மலாயாத் தோட்டங்களில் ஆள் ஏராளம் என்று அவர்கள் கண்டனர். முதலில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டினர். போனவர் திரும்பாததைக் கண்டு மற்றவர் மறுத்தபோது, பிடித்தே ஏற்றினர். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய செய்திகள் பதிவாகியுள்ளன. போருக்குப் பின் எடுத்த கணக்கு, மலாயாவிலிருந்து போனவர் ஏறத்தாழ 78,000 என்றும், மாண்டவர் ஏறத்தாழ 30,000 என்றும் சொல்கிறது. ஓடிப்போனவர் என்று எழுதப்பட்ட பல்லாயிரவரில் எத்தனை பேர் காட்டிலேயே விழுந்தனரோ! பெரும்பகுதியினர் தமிழர். 1943-இன் மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகக் கொண்டுபோயிற்று. காஞ்சனபுரியில் வெள்ளைக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஏழாயிரம் அளவில் வரிசையாக உள்ளன. நம்மவர்க்கு நடுகல் ஒன்று எழுந்தது அண்மைக் காலத்தில்தான்.

நாட்காட்டியைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டுகிறேன். சயாம் பாதையின் இரு முனைத் தண்டவாளங்களும் காட்டில் கூடியது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தது அக்டோபர் 21. மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறப்பு. சயாம் பாதையின் திறப்பு விழா அக்டோபர் 25. ஒன்பது நாளுக்குள் இவை யாவும்! எங்கள் வகுப்பில் இந்நான்கு தேதிகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு நான் சிறிது நேரம் பேசாமல் நின்றேன். வேறென்ன செய்வது?

அதோடு நிற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் சுபாஷ் படைப்பிரிவு தைப்பிங்கிலிருந்து பர்மாவுக்குப் புறப்பட்டது. அது சென்றதும், பின்னர் ஜான்சி ராணிப் படையினர் சென்றதும் அந்தப் புதிய பாதை வழியேதான். தந்தை போட்ட கட்டையின் மேல் மகன் கொடியேந்திச் சென்றிருக்கலாம்; தம்பி புதைந்த கரையை அக்காள் வண்டியிலிருந்து கடந்திருக்கலாம். ஆதலால் நேதாஜிக்கு அது தெரியாது என்று வாதிடுவோர் வாதத்தை நான் ஏற்கவில்லை. அவர் படையே அவ்வழியில் போயிற்று. அவரால் தடுத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. நிலமில்லாத அரசு, சோறும் துப்பாக்கியும் வண்டியும் ஜப்பானியருடையவை. தடுத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்காக அந்த மௌனம் இல்லாமற் போய்விடாது.

தோட்டங்களில் சயாமுக்கு ஆள் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் கிராணிமாரும் தண்டல்மாரும். பல இடங்களில் லீக் கிளையை நடத்தியவர்களும் அவர்களே என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். லீக்கில் சேர்ந்தால் சயாம் பட்டியலிலிருந்து தப்பலாம் என்று படையில் பெயர் கொடுத்தவர் ஏராளம். அவர்களுக்கு அக்கொடி உயிர்க் காப்பு. பட்டியலில் தன் பெயர் விழுந்தவன் வீட்டாருக்கு? "கொடி பறந்துக்கிட்டுத்தான் இருந்துச்சாம்" என்ற சொல் அங்கிருந்து வருவது.

அந்தமானில் நடந்ததைச் சேர்க்காவிட்டால் இப்பகுதி நிறைவுறாது. 1943 டிசம்பர் 30-ஆம் நாள் போர்ட் பிளேரில் போஸ் மூவண்ணக் கொடியை ஏற்றினார். அந்நாளில், அத்தீவின் இந்திய சுதந்திரச் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் திவான் சிங், ஜப்பானியரின் சிறையில் வதைபட்டுக் கிடந்தார். ஜனவரி 14-இல் இறந்தார். கொடியேறி ஒரு மாதம் ஆன ஜனவரி 30-ஆம் நாள், ஹம்பிரிகஞ்சு என்னுமிடத்தில் 44 பேரை ஒற்றர் என்று குற்றஞ்சாட்டி ஜப்பானியர் சுட்டுப் புதைத்தனர். அவர்களும் அச்சங்கத்தைச் சேர்ந்தவர்களே. 2018 டிசம்பர் 30-இல், எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவாக இந்தியப் பிரதமர் போர்ட் பிளேர் சென்று கொடியேற்றினார். மூன்று தீவுகளுக்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டது. அத்தீவின் பழங்குடும்பங்கள் டிசம்பர் 30-ஐயும் ஜனவரி 30-ஐயும் ஒருங்கே சுமக்கின்றன.

வேறு சிலர் கண்ணுக்கு அக்கொடி எவ்வாறு தெரிந்தது என்பதைச் சுருக்கிச் சொல்லுவேன். படையில் சேர மறுத்த இந்தியச் சிப்பாய்கள் பலர் நியூ கினித் தீவுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்டுப் பசியாலும் நோயாலும் மாண்டனர். எடுத்த சத்தியத்தை முறிக்க மாட்டேன் என்றவர்களுக்கு இந்தியாவிலும் விழா இல்லை, இங்கும் இல்லை. எனக்கு அறிமுகமான சீன வணிகர் ஒருவர், தம் தந்தை அக்கொடியைச் சிவப்புச் சூரியக் கொடியோடு பக்கத்தில் பக்கத்தில் கண்டதாகச் சொல்வாரே தவிர, அதற்கு மேல் பேசமாட்டார். சிங்கப்பூரிலும், நெகிரி செம்பிலானில் தித்தியை அடுத்த சீனக் குடியிருப்பிலும் 1942-இல் நடந்த படுகொலைகளை அறிந்தவர்க்கு அவர் பேசாமையின் பொருள் விளங்கும். மலாய் இளைஞரிலும் இப்ராகிம் யாக்கோப்பின் கெசத்துவான் மெலாயு மூடா இயக்கத்தார் விடுதலையை நம்பி ஜப்பானியரோடு சேர்ந்தனர். பர்மாவின் ஆங் சான் சேர்ந்ததோடு, 1945 மார்ச்சில் அவர்கள் மீதே திரும்பினார். ஆகவே ஜப்பானியரைத் துணைக்கொண்டவர் இந்தியர் மட்டும் அல்லர்.

போர் முடிவில் சிங்கப்பூர்க் கடற்கரையில், மாண்ட வீரர்க்கு நினைவுத்தூண் எழுப்ப 1945 ஜூலை 8-இல் போஸ் கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பிய பிரிட்டிஷார் அதைத் தகர்த்தனர். அவர்கள் அக்கொடியைத் துரோகக் கொடி என்றனர். நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் மூவர் மேலும் வழக்கு நடந்தபோது, இந்து, சீக்கியர், முசுலிம் மூவரை ஒருங்கே கூண்டில் நிறுத்திய மடமையால் பிரிட்டிஷாரே அக்கொடிக்குப் புகழ் தேடித் தந்தனர். நேரு பழைய வழக்கறிஞர் அங்கியை மீண்டும் அணிந்து வாதிடுவோர் வரிசையில் அமர்ந்தார். ஆனால் விடுதலை பெற்ற இந்தியா அவ்வீரர்களைத் தன் இராணுவத்தில் மீண்டும் சேர்க்கவில்லை. இராட்டையும் 1947 ஜூலை 22-இல் தேசியக் கொடியிலிருந்து விடைபெற்று அசோகச் சக்கரத்துக்கு இடம் விட்டது.

மலாயாவில் அக்கொடியின் பின்னே நடந்தவர்கள் பல திசையில் சென்றனர். ஜான் திவி 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தோற்றுவித்தார். கெடாவில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடை மறியல் செய்து, 1947-இல் போலீசின் தடியைச் சந்தித்தது. அவர்கள் நடந்த நடை லீக் காலத்தில் பழகிய நடை. எங்கள் பகுதிக்கு அருகே, ரவாங்கை ஒட்டிய தோட்டத்தில், 1949 மார்ச்சில் பிடிபட்டவர் எஸ். ஏ. கணபதி. இந்தியத் தேசிய இராணுவத்தில் இருந்தவர்; அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு மே 4-ஆம் நாள் புடுச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி பிடிக்கக் கற்றுக் கொடுத்த கொடியின் கீழே சைக்கிளை விட்டு இறங்க மறுத்த தலைமுறை, அந்த ஆண்டோடு அடங்கிற்று.

இன்று அக்கொடிக்கு உரிமை கொண்டாடுவோர் பலர். 2015-இல் கோலாலம்பூரிலுள்ள இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு நேதாஜியின் பெயர் இடப்பட்டது. 2018 அக்டோபர் 21-இல் செங்கோட்டையில் தற்காலிக அரசின் எழுபத்தைந்தாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. நன்று. ஆயினும் இவ்விழாக்களில் சயாம் என்ற சொல்லைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சயாம் இரயிலுக்கு நினைவு நாள் நடத்தும் அன்பர்களோ கொடியின் பக்கம் திரும்புவதில்லை. இரண்டு கூட்டமும் ஒரே லயத்தின் பேரப்பிள்ளைகள். நம் நாட்டு எழுத்தாளரும் ஆசிரியருமான அ. ரெங்கசாமி சயாம் பாதையை வைத்து 'நினைவுச் சின்னம்' என்றும், இந்தியத் தேசிய இராணுவத்தை வைத்து 'இமயத் தியாகம்' என்றும் இரு நாவல்கள் எழுதியுள்ளார். ஒரே கை இரண்டையும் எழுத வேண்டியிருந்தது என்பதை எண்ணுகிறேன். பள்ளி நூலகத்தில் அவை இரண்டையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைத்திருக்கிறோம்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பயிற்சிக் கல்லூரியில் 'பெருமை உணர்வை ஊட்டுக' என்று பாடக்குறிப்பில் எழுதப் பழக்குகிறோம். நானும் அவ்வாறு பழக்கியவன். தோட்டப் பிள்ளைக்குப் பெருமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. நம் பிள்ளைகளுக்கு அது மற்றவரினும் மிகுதியாகவே வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையின் கொள்ளுப்பாட்டி துப்பாக்கி ஏந்தியதைச் சொல்லும்போது, அடுத்த நாற்காலிப் பிள்ளையின் கொள்ளுத்தாத்தா எங்கே புதைந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால், அப்பெருமையில் பாதி அடுத்த நாற்காலியிலிருந்து திருடியதாகும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியுமா என்று ஆசிரியை கேட்டார். பெரியவர்களைவிட எளிதாகப் புரிந்துகொண்டார்கள் என்பதே நான் கண்டது. "அந்தக் கொடி நல்லதா கெட்டதா, சார்?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே பதில் சொல்லப் போட்டி போட்டது. நான் வாய் திறக்க நேரவில்லை.

சுவரிலிருந்த புலிப் படத்தை எடுத்தோம், அஞ்சியதால் அன்று, அது எங்கள் தோட்டத்தில் பறந்த கொடியன்று என்பதால். அவ்விடத்தில் இராட்டைக் கொடியை ஆசிரியையே வண்ணத்தில் வரைந்து வைத்தார். அதை ஒட்டி சயாம் பாதையின் வரைபடம். இரண்டின் கீழும் வெறுந்தாள் ஒவ்வொன்று. தம் குடும்பத்தில் யார் எவ்வழி போனார் என்று பெற்றோரைக் கேட்டு வந்து பிள்ளைகள் எழுதலாம் என்றோம். முதல் வாரத்தில் கொடியின் கீழ் நான்கு பெயர், வரைபடத்தின் கீழ் பதினொரு பெயர் சேர்ந்தன. அந்த அம்மையார் தம் தந்தையின் பெயரைத் தாமே வந்து எழுதினார். இரவுப் பள்ளியில் கற்ற எழுத்து. மெல்ல எழுத்துக் கூட்டி எழுதினார்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மறுநாள் தாளின் முன் நெடுநேரம் நின்றான். அவன் கொள்ளுத்தாத்தா சயாமுக்குப் போய், காட்டிலிருந்து தப்பி ஓடி வந்து, மீண்டும் பிடித்துவிடுவார்களோ என்று லீக் படையில் சேர்ந்துவிட்டாராம். எந்தத் தாளில் எழுதுவது என்று கேட்டான். அவன் அம்மா இரண்டிலும் எழுதச் சொன்னாளாம். இரண்டிலும் எழுதிவிட்டு வகுப்புக்குப் போனான்.